மகோகனி கிட்டாரின் நூறாண்டு

எஃகுக் கம்பி பூட்டிய அக்குஸ்டிக் கிட்டார்களில் பெரும்பாலானவற்றின் முகம் வெளுப்பாக இருக்கும். ஒலித்துளை உள்ள மேல்பலகை ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரம். பக்கங்களும் முதுகும் ஈட்டி, மகோகனி, மேப்பிள் போன்ற கெட்டி மரங்கள். முழு மகோகனிக் கிட்டார் இந்த வழக்கத்துக்கு விலக்கு. அதில் முகம், பக்கம், முதுகு, கழுத்து எல்லாமே செம்பழுப்பு நிறமுள்ள ஒரே மரம். தஞ்சாவூர் வீணையில் குடமும் மேல்பலகையும் பலாமரமாகவே இருப்பது தமிழ் வாசகருக்குப் பழகிய ஏற்பாடுதான். மேற்கத்திய கிட்டார் மரபில் அது பிந்தி வந்த புதுமை. அதுவும் நாதத்தைத் தேடி வந்ததைவிடச் செலவைக் குறைக்க வந்தது என்பதே பொருந்தும்.

மகோகனி நம் வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த மரம். கரீபியன் தீவுகளும் நடு அமெரிக்காவும் தென் அமெரிக்காவின் சில பகுதிகளும் அதன் தாயகம். அமெரிக்கக் குடியேற்றங்களிலிருந்து வரும் மரத்துக்கான இறக்குமதி வரியை 1721இல் பிரிட்டன் நீக்கியபின், ஜமைக்கா மகோகனி லண்டன் தச்சுப் பட்டறைகளில் குவிந்தது. தீவுகளில் மரம் அருகியதும் வெட்டு நடு அமெரிக்கக் கரைக்கு நகர்ந்தது. இன்று பெலிஸ் எனப்படும் பிரிட்டிஷ் ஹோண்டுராஸில் காட்டுக்குள் போய் மரத்தை வீழ்த்தி ஆற்றில் இறக்கியவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். அந்நாட்டுக் கொடியில் இன்றும் ஒரு மகோகனி மரமும், கோடரியும் துடுப்பும் ஏந்திய இருவரும் இருக்கிறார்கள். இசைக்கருவிக் கடைகளில் பெருமையாகச் சொல்லப்படும் 'ஹோண்டுராஸ் மகோகனி' என்ற பெயருக்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

அமெரிக்கக் கிட்டாரின் கதையில் நடுநாயகமாக இருப்பது மார்ட்டின் நிறுவனம். ஜெர்மனியின் சாக்சனியிலிருந்து வந்த கிறிஸ்டியன் ஃபிரெடரிக் மார்ட்டின் 1833இல் நியூயார்க்கில் தொழில் தொடங்கி, சில ஆண்டுகளில் பென்சில்வேனியாவின் நாசரேத்துக்கு இடம் பெயர்ந்தார். 19ஆம் நூற்றாண்டு முழுவதும் அங்கே செய்யப்பட்டவை விலங்குக் குடல் நரம்பு பூட்டிய கிட்டார்கள். ஸ்புரூஸ் மேல்பலகையும் பிரேசில் ஈட்டி முதுகும் அவற்றின் இலக்கணம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலிவு வகைகளின் முதுகுக்கும் பக்கத்துக்கும் மகோகனி வந்தது. 1917இல் '18ஆம் பாணி' எனப்பட்ட வகையும் ஈட்டியிலிருந்து மகோகனிக்கு மாறியது. மேல்பலகை மட்டும் ஸ்புரூஸாகவே நீடித்தது.

அதை மாற்றியது கிட்டார் அல்ல, அதன் குட்டித் தம்பியான யூகுலேலி. 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பனாமா-பசிபிக் கண்காட்சியின் ஹவாய் அரங்கு, அமெரிக்கா முழுவதையும் தீவுப் பாட்டுக்கு அடிமையாக்கியது. ஹவாய்க்காரர்கள் யூகுலேலியைக் கோவா என்ற உள்ளூர் மரத்தால் முழுவதுமாகச் செய்தார்கள். மார்ட்டின் முதலில் செய்து பார்த்த ஸ்புரூஸ் முக யூகுலேலிகள் கனத்த கட்டமைப்பால் ஒலி அடங்கி, விலைபோகவில்லை. 1916இல் முழு மகோகனியில் செய்தவை பிய்த்துக்கொண்டு போயின. 1920களில் அந்தத் தொழிற்சாலையிலிருந்து கிட்டார்களைவிட யூகுலேலிகளே பல மடங்கு அதிகமாக வெளியேறின. கெட்டி மரத்தை மெல்லிய மேல்பலகையாக இழைக்கும் கைப்பழக்கம் பணியாளர்களிடம் அப்போதே ஊறிவிட்டது.

1922இல் 2-17 என்ற சிறிய கிட்டார் மகோகனி முகத்தோடு வந்தது. மார்ட்டின் வழக்கில் முதல் எண் உடலின் அளவு, அடுத்தது அலங்காரத்தின் தரம். இரண்டாம் அளவு இன்றைய கண்ணுக்குப் பிள்ளைகள் கிட்டார் போலத் தெரியும். அகன்ற இடத்திலேயே சுமார் 12 அங்குலம்தான். ஆனால் எஃகுக் கம்பிக்கென்றே கட்டப்பட்டு வழக்கமான விற்பனைக்கு வந்த முதல் மார்ட்டின் என்று வரலாற்றாசிரியர்கள் சுட்டுவது இதைத்தான். ஆறு எஃகுக் கம்பிகள் சுருதிக்கு ஏறும்போது மொத்த இழுவிசை சுமார் 70 கிலோவைத் தொடும். குடல் நரம்பில் அதில் ஏறத்தாழப் பாதிதான். அந்த இழுப்பைத் தாங்க உள்ளே இருக்கும் தாங்குசட்டங்கள் வலுவாக வேண்டும். நிறுவனத்தின் விலைப் பட்டியலில் அடிமட்டத்தில் இருந்த இந்தக் கிட்டார்தான் பிற்காலக் கிட்டார்களுக்கெல்லாம் வழிகாட்டியது. விலையுயர்ந்த வகைகள் பின்னால் வந்து சேர்ந்துகொண்டன.

1929க்குப் பிந்தைய பெருமந்தம் இந்த எளிய கிட்டார்களுக்குச் சாதகமாக அமைந்தது. 0-17, 00-17 என்று உடல் பெரிதாகிக்கொண்டே போனது. 1940இல் அதைவிட மலிவான 0-15 வந்தது. ஓரப்பட்டை இல்லை, பளபளப்பு இல்லை, சிப்பி வேலை எதுவும் இல்லை. 1961 வரை அது விற்பனையில் இருந்தது. கிப்சன் நிறுவனமும் 1920களின் இறுதியில் எல்-0 வகையை முழு மகோகனியில் செய்தது. 1958இல் எல்ஜி-0 என்ற மாணவர் கிட்டாரைக் கொண்டுவந்தது. அதே காலத்தில் கில்ட் நிறுவனம் எம்-20ஐ வெளியிட்டது. இளைஞர் கையில் முதலில் விழுந்தவை இத்தகையவையே. மினியாபொலிஸுக்கு வந்த பாப் டிலன் தன் மின் கிட்டாரைக் கொடுத்துவிட்டு வாங்கிய மார்ட்டின், 00-17 என்றே அடையாளம் காணப்படுகிறது. நிக் டிரேக்கின் 1971ஆம் ஆண்டு இசைத்தட்டான 'பிரைட்டர் லேட்டர்' அட்டையில் இருப்பது எம்-20. அந்தக் கிட்டாரைப் பதிவில் அவர் வாசித்தாரா என்பது வேறு கேள்வி. ஆனாலும் பிற்காலத்தில் எம்-20ஐத் தேடி அலைந்தவர்களில் பலரை அலையவிட்டது அந்தப் படம்தான்.

1960களின் இறுதியில் வழக்கு மாறியது. மேடை பெரிதாகப் பெரிதாக, உரத்து ஒலிக்கும் டிரெட்நாட் என்ற பெரிய உடலும் ஸ்புரூஸ் முகமும் கோலோச்சின. எல்ஜி-0 1968இல் ஸ்புரூஸுக்கு மாறியது. 1969இல் பிரேசில் ஈட்டி கிடைப்பது அரிதாகி, மார்ட்டின் தன் உயர்வகைகளுக்கு இந்திய ஈட்டியை எடுத்துக்கொண்டபோது, மேற்குத் தொடர்ச்சி மலையின் மரம் நாசரேத்துக்குப் போனது. மகோகனி முகமோ பழைய கிட்டார்க் கடைகளின் மூலைக்கு ஒதுங்கியது. டி-15 என்ற பெயரில் மார்ட்டின் அதை மீட்டெடுத்தது 1997இல். தொடர்ந்து சிறிய உடல்களும் வந்தன.

மீட்பு நேரத்தில் மரத்துக்கே நெருக்கடி. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை, பெரிய இலை மகோகனியைத் தன் இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. 2003 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தபின் ஏற்றுமதிக்கு அனுமதிச் சீட்டு தேவையாயிற்று. 15ஆம் பாணியிலேயே சில ஆண்டுகள் ஆப்பிரிக்கச் சப்பேலி மரம் புகுந்தது. சப்பேலியும் அதே வேம்புக் குடும்பம்தான், ஒலியிலும் நெருங்கியதே. ஆயினும் வாங்கியவர்களில் சிலர் ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தார்கள். பின்னர் 000-15எம் போன்ற பெயர்களில் வந்த 'எம்', உள்ளே இருப்பது அசல் மகோகனி என்பதற்கான உத்தரவாதமாயிற்று. கண்ணைக் கட்டிவிட்டு வாசிக்கச் சொன்னால் இரண்டையும் பிரித்தறிபவர் சிலரே இருப்பார்கள்.

இந்தக் கிட்டாரை வைத்திருப்பவர்கள் நூறாண்டாகச் சொல்லிவரும் அனுபவங்களில் ஒரு தொடர்ச்சி உண்டு. மகோகனிப் பலகை ஸ்புரூஸைவிட அடர்த்தியானது. கிளைச் சுரங்கள் விரைவில் அடங்கி, மூலச் சுரம் முன்னே நிற்கிறது. உலர்ந்த ஒலி என்று சிலரும், கதகதப்பான ஒலி என்று சிலரும் சொல்வது இதைத்தான். விரலால் மீட்டுபவர்களுக்கும் பாடிக்கொண்டே வாசிப்பவர்களுக்கும் இது இதம், ஏனெனில் குரலின் இடத்தைக் கிட்டார் பிடித்துக்கொள்வதில்லை. பதிவுக்கூடங்களில் ஒலிப்பொறியாளர்கள் இதை விரும்பக் காரணமும் அதே அடக்கம்தான். புளூகிராஸ் குழுவில் பேஞ்சோவுக்கும் ஃபிடிலுக்கும் நடுவே பிக் பிடித்து ஓங்கி அடித்தால், ஓர் எல்லைக்கு மேல் இது உரக்காது. ஒலி அழுங்கித் தட்டையாகிவிடும். அந்தத் தேவைக்கு வாங்கியவர்கள் ஓராண்டுக்குள் விற்றுவிடுவதும் உண்டு. வாசிக்க வாசிக்க ஒலி திறக்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. மரம் மாறுகிறதா, வாசிப்பவரின் காதும் கையும் மாறுகின்றனவா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை.

பராமரிப்பில் இந்தக் கிட்டார் அவ்வளவாகத் தொல்லை தருவதில்லை. மகோகனி சுருங்குவதும் முறுக்கிக்கொள்வதும் குறைவு. பிக் கீறலும் நகக் கீறலும் ஸ்புரூஸில் விழுமளவு ஆழமாக விழுவதில்லை. ஆனாலும் காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் இருக்கவேண்டும் என்ற பொது விதி இதற்கும் உண்டு. பல பத்தாண்டு இழுவிசையில் மேல்பலகையில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குப் பின்னால் வயிறு புடைப்பதும், கம்பி விரல்பலகையை விட்டு உயர்ந்து கழுத்தைக் கழற்றிக் கோணம் திருத்த நேர்வதும் பழைய கிட்டார்களில் சாதாரணம். 1960களின் எல்ஜி-0வில் இன்னொரு சிக்கல் உண்டு: அப்போது பொருத்திய பிளாஸ்டிக் பிரிட்ஜ் காலப்போக்கில் வளைந்தது. பெரும்பாலானோர் அதை எடுத்துவிட்டு ஈட்டியில் மாற்றிக்கொண்டார்கள். உள்ளே ஏணிப்படி போலக் கிடக்கும் தாங்குசட்டங்களை அகற்றி எக்ஸ் வடிவில் மாற்றுவோரும் உண்டு. அதனால் அடிச்சுரம் ஆழப்படுகிறது என்கிறார்கள் அவர்கள். பழைய கிட்டார் சேகரிப்போர் இதை ஏற்பதில்லை. எல்ஜி-0வின் குறுகிய, பெட்டி அதிர்வது போன்ற ஒலிக்காகத்தானே அதை வாங்கினோம் என்று கேட்கிறார்கள்.