ஆரணி அட்டையும் டிஃப் கட்டளையும்

ஆரணியில் பட்டுத்தறி இருக்கும் வீட்டுக்குள் போனால், தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியைப் பார்க்கலாம். ஓட்டை போட்ட அட்டைகளை மாலை மாதிரி கோர்த்துத் தொங்கவிட்டிருப்பார்கள். ஊடை ஒருமுறை ஓட ஓர் அட்டை. பிரான்சின் லியோன் நகரத்து ஜக்கார்டு 1804-ல் செய்த ஏற்பாடு. இதைக் கம்ப்யூட்டரின் தாத்தா என்று ஏற்கெனவே எல்லோரும் எழுதிவிட்டார்கள், அதை விட்டுவிடுவோம்.

ஒரே டிசைனுக்கு இரண்டு அட்டைக்கட்டு இருக்கிறது, இரண்டும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். முதலாவதை முதலாவதோடு, பத்தாவதைப் பத்தாவதோடு வைத்துப் பார்க்கலாம். ஆனால் ஒரு கட்டில் ஐந்தாவது இடத்தில் ஓர் அட்டை கூடுதலாக நுழைந்திருந்தால்? அதற்குப் பிறகு எல்லாமே தப்பாகத் தெரியும். உண்மையில் தப்பு ஒரே ஓர் அட்டைதான்!

இரண்டு ஃபைல்களை ஒப்பிடுவதிலும் இதே தலைவலி. அதற்கு வழி கண்டவர் அமெரிக்காவின் பெல் லேப்ஸில் இருந்த டக்ளஸ் மக்கில்ராய். அவருடைய 'டிஃப்' கட்டளை 1974-ல் யூனிக்ஸ் ஐந்தாம் பதிப்போடு வந்தது. ஜேம்ஸ் ஹன்ட்டும் அவரும் சேர்ந்து 1976-ல் அதன் கணக்கை விளக்கி எழுதினார்கள். இரண்டு ஃபைலிலும் அதே வரிசையில் வரும் பொதுவான வரிகளில் மிக நீளமான தொடரை முதலில் கண்டுபிடி, மீதி இருப்பதுதான் வித்தியாசம். அன்றைய மெஷினில் நினைவகம் ரொம்பக் குறைவு என்பதால், ஒவ்வொரு வரியையும் ஓர் எண்ணாகச் சுருக்கி எண்களை ஒப்பிட்டார்கள்.

இன்னொரு பக்கம், கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் அதே 70-களில் கட், காப்பி, பேஸ்ட்டை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். காப்பி செய்தது கிளிப்போர்டில் இருக்கும், ஆனால் அதற்கு ஃபைல் பெயர் கிடையாது. டிஃப் கேட்பதோ இரண்டு ஃபைல். இந்த இடைவெளியை அடைத்ததும் மக்கில்ராயின் யோசனைதான். ஒரு நிரலின் வெளியீட்டை அடுத்த நிரலுக்குக் குழாய் வழியாக அனுப்பலாம் என்று 1964-லேயே குறிப்பு எழுதினார், 1973-ல் கென் தாம்சன் அதை யூனிக்ஸில் செய்துகாட்டினார். டிஃப்பில் ஃபைல் பெயருக்குப் பதில் ஒரு சிறு கோடு போட்டால், குழாயில் வருவதை எடுத்துக்கொள்ளும். மேக்கில் இப்படி:

பிபிபேஸ்ட் | டிஃப் விலை.டெக்ஸ்ட் -

(அடிக்கும்போது ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்!) லினக்ஸில் பிபிபேஸ்ட்டுக்குப் பதில் எக்ஸ்கிளிப் -செலக்சன் கிளிப்போர்டு -ஓ.

பட்டு வியாபாரத்தில் இது விளையாட்டல்ல. நூல், ஜரிகை விலைப்பட்டியல் மெயிலில் வருகிறது, போன வாரத்துப் பட்டியல் ஃபைலாக இருக்கிறது. முந்நூறு வரியில் ஒரு ஜரிகை விலை மட்டும் மாறியிருந்தால் கண்ணுக்குத் தப்பிவிடும். பழைய விலையில் சேலைக்குக் கணக்குப் போட்டால் லாபம் அங்கேயே போச்சு. டிஃப் அந்த ஒரு வரியைக் காட்டிவிடும். இடப்பக்கம் பார்க்கும் அம்புக்குறி போட்டது பழைய வரி, வலப்பக்கம் பார்ப்பது புதியது.

தமிழில் எழுதிய பட்டியல் என்றால் ஒரு வம்பு உண்டு. 'கொள்முதல்' என்ற வரி மாறிவிட்டதாக டிஃப் சொல்லும், எத்தனை தடவை உற்றுப் பார்த்தாலும் எழுத்தும் ஒன்று, விலையும் ஒன்று. யூனிகோடில் 'கொ' என்ற எழுத்தைக் க-வோடு ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. டிஃப் பார்ப்பது பைட்டுகளை, எனவே அதற்கு இரண்டும் வேறு. இரண்டு பக்கத்தையும் முதலில் என்எஃப்சி என்ற ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஒப்பிட்டால் 'கொள்முதல்' ஒதுங்கிக்கொள்ளும், ஜரிகை வரி மட்டும் நிற்கும்.