கூலியும் மானமும்

வறியவர் நற்பொருளை நன்குணர்ந்து சொன்னாலும் அவர் சொல் எடுபடாது என்பது 'நல்குரவு' அதிகாரத்தில் வள்ளுவர் கூறும் கருத்து. பொருளில்லாதவனுக்குச் சமுதாயத்தில் இடமில்லை. இடமில்லாதவன் கைக்குப் பொருளும் சேர்வதில்லை. மலாயாத் தோட்டத் தொழிலாளர் வரலாறு இதற்குச் சான்றாகும்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகியபோது, கங்காணிகள் வழியாகத் தமிழகத்துச் சிற்றூர் மக்கள் இங்கு வந்தனர். லயமும் கோயிலும் கள்ளுக்கடையும் தோட்ட எல்லைக்குள்ளேயே அமைந்தன. பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருப்பின் தோட்டமே பள்ளி நடத்த வேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. ஆயினும் பல இடங்களில் கங்காணியோ கிராணியோதான் ஆசிரியர். பால்மரக் காட்டிற்கு அப்பால் செல்லும் வழியை அக்கல்வி காட்டவில்லை. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை வீழ்ந்ததும், உழைத்தவர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர்.

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தைச் சார்ந்த ஆர். எச். நாதன் அதன் முன்னணியில் நின்றார். சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, பெண்களுக்குப் பாதுகாப்பு, கள்ளுக்கடை மூடல், சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவற்றைத் தொழிலாளர் கோரினர். அவற்றோடு வேறொன்றையும் கேட்டனர். துரையும் தோட்ட அலுவலரும் எதிர்ப்பட்டால் தொழிலாளி மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்றல் வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே அது.

இஃது ஒரு சிறு கோரிக்கை எனச் சிலர் எண்ணக்கூடும். இதனை ஏற்பதால் நிருவாகத்திற்கு ஒரு காசும் செலவில்லை. எனினும் தொழிலாளர் இதனைக் கூலிக்கு நிகராகவே வைத்தனர். சாலையில் இறங்கி நிற்பவன் அலுவலகத்தில் நிமிர்ந்து நின்று கூலி கேட்க இயலாது என்பதைத் தம் பட்டறிவால் அவர்கள் உணர்ந்திருந்தனர். அவனை இறங்க வைத்த அதே எண்ணமே, அவனுக்குக் குறைந்த கூலி போதும் என்றும் முடிவு செய்தது.

மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படையினர் வரவழைக்கப்பட்டனர், துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர். போராட்டம் ஒடுக்கப்பட்டது.

ஆசிரியப் பெருமக்களே, அத்தொழிலாளர் தம் பிள்ளைகளுக்குக் கேட்ட கல்வி இன்று நம் கையில் உள்ளது. பழைய சட்டையோடு கடைசி வரிசையில் அமர்ந்து, விடை தெரிந்தும் கைதூக்கத் தயங்கும் மாணவனை நாம் நாள்தோறும் காண்கிறோம். அவனை எழுப்பிப் பேச வைப்போம். அவன் பேசும்போது வகுப்பு முழுவதையும் கேட்க வைப்போம். வறியவன் சொல்லும் எடுபடும் என்பதை அவன் முதலில் நம் வகுப்பறையிலேயே அறியட்டும்.