விடைக்குள் விடை: வினாவுத்தரமும் காந்தளூர்ச் சாலையும்

மதிய உணவு வேளையில் நாளிதழின் குறுக்கெழுத்துக் கட்டங்களை நிரப்புவோர் அரசு அலுவலகங்களில் பலருண்டு. யானும் அவருள் ஒருவன். கட்டங்கள் யாவும் நிரம்பிய பின்னர், அவ்விடைகளுக்குள்ளே மற்றுமோர் விடை ஒளிந்திருக்குமாறு அமைத்த புதிர்களை இன்று அமெரிக்க இதழ்கள் வெளியிடுகின்றன. கேட்பதற்குப் புதுமையாயினும், இக்கலை தமிழுக்குப் பழமையானதே.

1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்டு' இதழில் ஆர்தர் வின் என்பார் வெளியிட்ட புதிரே இக்காலக் குறுக்கெழுத்தின் தொடக்கம். தமிழகத்தில் 1930களில் எஸ். எஸ். வாசனின் ஆனந்த விகடன் நடத்திய பரிசுப் போட்டிகள் பெரும் புகழ் பெற்றன. நாளடைவில் நாடெங்கும் இத்தகு போட்டிகள் சூதின் சாயல் கொண்டன. ஒரு கட்டத்திற்குப் பல சொற்கள் பொருந்தினும், அமைத்தவர் முத்திரையிட்டு வைத்த சொல்லே வென்றது. 1955ஆம் ஆண்டுச் சட்டம் பரிசுத் தொகையை மாதம் ஆயிரம் ரூபாய்க்குள் அடக்கியது.

நம் முன்னோர் கண்ட புதிருக்கு முத்திரையிட்ட உறை வேண்டுவதில்லை. தண்டியலங்காரம் தன் சொல்லணியியலில் மாலைமாற்று, சுழிகுளம், கரந்துறைச் செய்யுள் முதலிய சித்திரகவிகளோடு 'வினாவுத்தரம்' என்பதனையும் வைத்து எண்ணுகிறது. வினாக்கள் பலவற்றின் விடைகளை அடுக்கினால், அவை கூடி வேறொரு சொல்லாகும். அதுவே இறுதி விடை. ஓர் எடுத்துக்காட்டு:

குறிஞ்சியில் கைவிரல்போல் மலர்வது யாது? காந்தள்.
மக்கள் கூடி வாழுமிடம் யாது? ஊர்.
வழிப்போக்கர் நடப்பது யாதில்? சாலை.

மூன்றும் கூடின், காந்தளூர்ச்சாலை! உதிரிச் சொற்கள் ஒரு பெயராய்த் திரளும்போது, ஒவ்வொரு விடையும் சரியென்பதற்கு மற்றவை சான்றாகின்றன.

ஆயின் இங்கே ஒரு பொறியும் உண்டு. சொல் பொருந்தியது, பொருள் பொருந்திற்றா? குமரி மாவட்டத்துப் பார்த்திவபுரத்தில், 9ஆம் நூற்றாண்டில் ஆய் வேந்தன் கருநந்தடக்கன் 95 மாணாக்கர்க்கு ஒரு சாலை நிறுவினான். காந்தளூர்ச் சாலையின் முறைமையே அதற்கு முன்மாதிரி என்கிறது அவனது செப்பேடு. ஆதலின் இச்சாலை வழியன்று, கல்விச்சாலை. நம் வலியசாலையே அப்பழைய காந்தளூர்ச்சாலை என்பது அறிஞர் பலர் கொள்கை.

முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி, இச்சாலையில் அவன் 'கலமறுத்த' செய்தியைக் கூறுகிறது. கலம் எது? மரக்கலம் என்று கொண்டு, கப்பற்படையை அழித்தான் என்றனர் சிலர். உண்கலம் என்று கொண்டு, ஊட்டுச்சாலையின் ஏற்பாட்டை மாற்றினான் என்றனர் வேறு சிலர். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையும் இச்சாலையைப் பற்றித் தனியே ஆராய்ந்து எழுதினார். வாதம் இன்னும் முடிந்திலது. அமைத்தவன் உறையைத் திறந்து காட்டப் போவதில்லை. பார்த்திவபுரச் செப்பேடு 'சாலை'க்குக் குறுக்கே நின்று பொருளுரைத்ததுபோல, 'கல'த்திற்கும் ஒரு சான்று குறுக்கிட வேண்டும். அதுவரை, பொருந்துகிறது என்ற ஒன்றையே கொண்டு கட்டத்தை நிரப்புதல் ஆராய்ச்சியாகாது, பரிசுப் போட்டியாகும்.

அச்சான்றைத் தேடப் போவோர் யார்? வலியசாலைத் தெருக்களில் தமிழ் பேசி வளரும் நம் சிறுவர் பலர் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் பயில்கின்றனர். தமிழெழுத்தைக் கூட்டிப் படிக்கத் தடுமாறுகின்றனர். வீட்டு வாயிலில் ஆயிரமாண்டுப் புதிர் கிடக்க, அதன் கட்டங்களில் உள்ள எழுத்தையே அவர்கள் அறியாமற் போகலாமா? இரவு உணவின்போது பெற்றோர் நாளொரு வினாவுத்தரம் சொல்லி, விடையைத் தமிழில் எழுதச் செய்யட்டும். விளையாட்டாய்த் தொடங்கும் அவ்வெழுத்துப் பயிற்சி, ஒருநாள் கல்வெட்டின் முன்னே அவர்களைக் கொண்டு நிறுத்தும்.