1/4π: இயற்கையின் எல்லையா, ஒரு கணக்கின் விடையா?

இழைக் கோட்பாட்டின் முறைகளைப் பிற துறைகளில் கையாளப் பயிலும் இளம் இயற்பியலாளர்களுக்குப் பெரும்பாலும் முதலில் காட்டப்படுவது ஓர் எண்: பாகுநிலைக்கும் என்ட்ரோபி அடர்த்திக்கும் உள்ள விகிதம், இயல்பு அலகுகளில் 1/4π. இதனை எல்லாப் பாய்மங்களுக்கும் உரிய கீழெல்லையாக வைத்துப் பாடம் தொடங்கும் மரபு, கோவ்டன், சன், ஸ்டாரினெட்ஸ் ஆகியோரின் 2005ஆம் ஆண்டுக் கட்டுரையைச் சான்று காட்டுகிறது. அக்கட்டுரையைக் கூர்ந்து படித்தால் அந்த மரபுக்கு அதில் இடமில்லை என்றே தோன்றுகிறது.

கட்டுரையில் இரண்டு கூற்றுகள் உள்ளன. இரண்டின் வலுவும் ஒன்றன்று. முதலாவது, வருவிக்கப்பட்டது. ஐன்ஸ்டைன் ஈர்ப்பை இணையாகக் கொண்ட, மிக வலுவான இடைவினை உடைய கோட்பாடுகளுக்கு அது பொருந்தும். இணையான ஈர்ப்பில் சூடான பாய்மத்துக்கு ஈடாக நிற்பது ஒரு கருந்துளை. தாழ்ந்த அதிர்வெண் கிராவிட்டான்களை அது உட்கவரும் குறுக்குப்பரப்பு, பாய்மத்தின் ஓரலகுக் கன அளவுக்குக் கணக்கிட்டால், அதன் நிகழ்வெல்லையின் பரப்புக்குச் சமம். இப்பரப்பை ஈர்ப்பு மாறிலியின் 16π மடங்கால் வகுத்தால் பாகுநிலை. 4 மடங்கால் வகுத்தால் என்ட்ரோபி அடர்த்தி. விகிதம் எடுக்கையில் பரப்பும் மாறிலியும் நீங்கிவிடுகின்றன, எஞ்சுவது 1/4π.

இரண்டாவது, எந்தப் பாய்மமும் இதற்குக் கீழே செல்லாது என்பது. ஆசிரியர்களே இதை ஊகமாகத்தான் முன்வைத்தனர். அறை வெப்பநிலையில் நீரின் விகிதம் இதைப்போல் சுமார் 380 மடங்கு. ஹீலியமும் நைட்ரஜனும்கூட எல்லைக்கு மேலேயே நிற்கின்றன. ஆனால் மேலே நிற்கும் எடுத்துக்காட்டுகள் எத்தனை சேர்ந்தாலும் கீழெல்லை நிறுவப்பட்டதாகாது. புரூக்ஹேவனில் கண்ட குவார்க்-குளுவான் பிளாஸ்மாவின் மிகத் தாழ்ந்த பாகுநிலைக்கும் இது பொருந்தும்: அதை விவரிக்கும் குவாண்டம் நிறவியக்கவியலுக்குத் துல்லியமான ஈர்ப்பு இணை எதுவும் அறியப்படவில்லை, எனவே முதல் கூற்றின் வருவிப்பும் அதற்குப் பொருந்தாது.

ஊகம் நிலைக்கவும் இல்லை. 2008இல் பிரிகான்டே குழுவினர் ஐன்ஸ்டைன் சமன்பாட்டுடன், வளைவின் இருபடியாலான காஸ்-பானே உறுப்பைச் சேர்த்தபோது விகிதம் இறங்கியது. காரணகாரிய நெறி மீறப்படாமலே அது 1/4π இன் 16/25 பங்கு வரை இறங்க முடிந்தது. அது செயற்கையான மாதிரி என்ற மறுப்பு எழுவதுண்டு. இழைக் கோட்பாட்டிலிருந்தே பிறக்கும் ஒரு கோட்பாட்டில் சிறு மீறலை 2007இலேயே காட்ஸ், பெட்ரோவ் இருவரும் காட்டியதால் அம்மறுப்பு நீண்ட விடை வேண்டுவதன்று.

ஆகவே பாடவரிசை மாறவேண்டும். முதலில் வருவிப்பு, அடுத்து காஸ்-பானே திருத்தம், மூன்றாவதாக ஓர் ஒப்பீடு. பெரும மீச்சமச்சீர்மை கொண்ட யாங்-மில்ஸ் கோட்பாட்டில் இடைவினை எல்லையற்று வலுத்தாலும் என்ட்ரோபி இடைவினையற்ற மதிப்பின் 3/4 பங்காகவே குறைகிறது. பாகுநிலை விகிதமோ மிகப் பெரிய மதிப்பிலிருந்து 1/4π வரை சரிகிறது. இடைவினையின் வலுவை வெப்ப இயக்கவியல் அளவுகள் மங்கலாகவும் கடத்தல் அளவுகள் தெளிவாகவும் காட்டுகின்றன என்பதை இதனால் மாணவர் அறிவார். வேறொரு துறைக்குச் செல்லும்போது எந்த அளவைக் கணக்கிடுவது என்று தேர்ந்தெடுக்க உதவுவது இவ்வறிவே.

தொடக்க நிலையினரைக் கவர ஒரு கவர்ச்சியான முடிவு தேவை என்ற வாதம் வலுவற்றது. மேற்கண்ட வருவிப்பு சில வரிகளே. 1/4π பாடத்திட்டத்தில் இடம்பெற வேண்டியது, அதன் நிபந்தனைகளோடு சேர்த்துச் செய்துகாட்டப்படும் ஒரு கணக்காக மட்டுமே.