பூஞ்சைச் சவ்வின் கொழுப்பு அமிலங்கள்

பூஞ்சைகளின் செல் சவ்வு பெரும்பாலும் பாஸ்போலிப்பிட்டுகளால் ஆனது. கிளிசராலின் முதல் இரு கார்பன்களில் தலா ஒன்றாகக் கொழுப்பு அமிலச் சங்கிலிகள் தொங்குவதே இவற்றின் பொது அமைப்பு. ரொட்டி ஈஸ்டில் இச்சங்கிலிகள் பெரும்பாலும் 16 அல்லது 18 கார்பன் நீளம் கொண்டவை. அவற்றில் பெரும்பங்கு ஒற்றை இரட்டைப் பிணைப்புள்ள நிறைவுறா அமிலங்கள்.

அந்த இரட்டைப் பிணைப்பை உண்டாக்க ஆக்சிஜன் வேண்டும். காற்றில்லாச் சூழலில் ஈஸ்ட் வளர எர்கோஸ்டிராலும் நிறைவுறாக் கொழுப்பு அமிலமும் ஊட்டப்பட வேண்டும் என்று ஆண்ட்ரியாசனும் ஸ்டியரும் 1953, 1954இல் காட்டினர். பீர் ஆலைகளில் ஈஸ்ட் சேர்க்கும் வேளையில் வடிசாற்றுக்குக் காற்றூட்டுவதும் இதற்காகவே. புளூம்ஃபீல்டும் கொன்ராட் பிளாக்கும் 1960இல் ஆக்சிஜனின் பங்கை நேரடியாக நிறுவினர். இரட்டைப் பிணைப்பை உண்டாக்கும் நொதி ஓஎல்இ1. ரொட்டி ஈஸ்டிடம் இது ஒன்றுதான் உண்டு. இழைப் பூஞ்சைகள் பல, கூடுதல் நொதிகளைக் கொண்டு லினோலியிக், லினோலெனிக் அமிலங்களையும் ஆக்குகின்றன.

சங்கிலியையே கட்டும் நொதியை மியூனிக்கில் ஃபியோடர் லைனன் ஈஸ்டிலிருந்து பிரித்தெடுத்தார். 1964இல் அவரும் பிளாக்கும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். பாக்டீரியாக்களில் தனித்தனிப் புரதங்கள் செய்யும் வேலையைப் பூஞ்சையில் ஆறு ஆல்ஃபா, ஆறு பீட்டா அலகுகள் சேர்ந்த, சுமார் 26 லட்சம் டால்டன் எடையுள்ள ஒரே பீப்பாய் வடிவ நொதி செய்கிறது. 2006–07இல் சூரிச், யேல் ஆய்வுக் குழுக்கள் அதன் வடிவத்தை வெளியிட்டன. வளரும் சங்கிலியைச் சுமக்கும் புரதப் பகுதி பீப்பாய்க்குள்ளேயே ஒரு வினைமையத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்கிறது. சுற்றுக்கு இரண்டு கார்பன் கூடுகிறது. முடிந்த அமிலம், விலங்குகளில் போலத் தனித்து வெளிவராமல், கோஎன்சைம் ஏயுடன் இணைந்தே வெளியேறுகிறது.

எந்த அமிலம் எந்த இடத்தில் அமர்கிறது என்பதும் தற்செயல் அல்ல. பாஸ்ஃபாடிடைலினோசிட்டால் என்ற பாஸ்போலிப்பிட்டில், கிளிசராலின் முதல் இடத்தில் நிறைவுற்ற அமிலமே பெரிதும் காணப்படுகிறது. சவ்வின் இறுக்கமும் கட்டுப்பாட்டில் உள்ளது: சங்கிலிகள் மிக நெருங்கிச் சவ்வு இறுகினால் எம்ஜிஏ2 என்ற புரதம் அதை உணர்ந்து ஓஎல்இ1 உற்பத்தியைத் தூண்டுகிறது. இவ்வுணர்வின் இயக்கம் 2016இல் விளக்கப்பட்டது.

இவற்றினும் வியப்பானது ஸ்கைசோசாக்கரோமைசிஸ் ஜப்பானிகஸ். ஆக்சிஜன் இன்றியும் வளரும் இந்த ஈஸ்ட், 10 கார்பன் கொண்ட குட்டைச் சங்கிலியையும் நீண்ட சங்கிலியையும் ஒரே மூலக்கூறில் இணைக்கிறது. இரட்டைப் பிணைப்பு இல்லாமலே சவ்வு இளகியிருக்க இது வழி. 2020இல் இத்தகைய லிப்பிட்டுகளை அதன் உறவினமான ஸ்கைசோசாக்கரோமைசிஸ் பாம்பே ஈஸ்டில் உருவாக்கியபோது அங்கே புரத மடிப்புக் கோளாறுக்கான எச்சரிக்கை வினை தூண்டப்பட்டது.