யாவர்க்கும் உரிய யோகம்

யோகாசனம் என்றதும் நம்மிற் பலர் மனத்தில் எழும் காட்சி யாது? தலைகீழாய் நிற்கும் கட்டிளங்காளை ஒருவன். அல்லது கைகால்களைக் கொடிபோற் பின்னி அமர்ந்த துறவி ஒருவர். "இது நமக்கு ஆகாது" என்று முழங்கால் நோவுள்ள பெரியவர் விலகிக் கொள்கிறார். தலையிற் கயிறு மாட்டிக் கொழுந்துக் கூடையைப் பல்லாண்டு சுமந்து முதுகு நொந்த தாயும், கால் ஊனமுற்ற தம்பியும் வாசலிலேயே நின்று விடுகின்றனர். இவர்களுக்கு யோகத்தில் இடமில்லையா? வரலாறு கூறும் விடையைப் பார்ப்போம்.

பதஞ்சலி முனிவர் ஆசனத்துக்கு வகுத்த இலக்கணம் நிலைபேறும் சுகமும் ஆகும். உடலை வருத்தி முறுக்குதல் அதில் இல்லை. 15-ஆம் நூற்றாண்டளவிற் சுவாத்மாராமர் இயற்றிய ஹடயோகப் பிரதீபிகை, வாலிபர், முதியோர், நோயாளர், பலவீனர் ஆகிய யாவரும் பயிற்சியினாற் சித்தி பெறலாம் என்று வெளிப்படையாகவே கூறுகின்றது. நம் திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தை விரித்துரைத்தார். அவ்வெட்டு அங்கங்களுள் ஆசனம் ஒன்று மாத்திரமே. இயமத்துக்கும் நியமத்துக்கும் தியானத்துக்கும் வளையும் கால்கள் வேண்டியதில்லை அன்றோ?

அப்படியாயின் வித்தை காட்டும் தோற்றம் எப்படி வந்தது? அண்மைக் கால வரலாற்றில் ஒரு காரணம் உண்டு. 1930-களில், மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில், திருமலை கிருஷ்ணமாச்சாரியார் அரண்மனையில் யோகசாலை நடத்தினார். மக்களின் கவனத்தை ஈர்க்கும் பொருட்டு, அவரும் இளம் மாணாக்கரும் பல ஊர்களிற் கடினமான ஆசனங்களைச் செய்து காட்டினர்.

அந்த மாணாக்கருள் ஒருவரே பி. கே. எஸ். ஐயங்கார். சிறு வயதில் மலேரியா, தைபோயிட்டு, சயரோகம் ஆகியவற்றால் நலிந்தவர். 1937-இற் புனே நகருக்குச் சென்று கற்பிக்கத் தொடங்கிய அவர், காலப்போக்கிற் கயிறு, வார், மரக்கட்டை, கதிரை முதலியவற்றைத் துணைக்கருவிகளாக்கினார். மாணவனின் கை நிலத்துக்கு எட்டாவிடின், நிலத்தையே உயர்த்திக் கொடுத்தார் எனலாம்.

குருவும் அவ்வழியே சென்றார். பக்கவாதத்தாற் பாதிக்கப்பட்ட சட்ட அறிஞர் ஒருவருக்கு உதவ, 1952-இல் அவர் சென்னைக்கு அழைக்கப்பட்டார். அங்கே வயது, நோய், தொழில் ஆகியவற்றை நோக்கி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பயிற்சி வகுத்தார். தமது 96-ஆம் வயதில் இடுப்பெலும்பு முறிந்தபோது, படுக்கையிலேயே செய்யத்தக்க பயிற்சியைத் தமக்கு அமைத்துக் கொண்டார். 1989-இல், நூறாண்டு கடந்து மறைந்தார். அரண்மனையில் வித்தை காட்டிய நாளினும் படுக்கையில் மூச்சைக் கவனித்த நாளில் அவர் குறைந்த யோகியா?

கடல் கடந்தும் இவ்வுண்மை சென்றது. அமெரிக்கரான மத்தேயு சான்போர்ட், 1978-இல், தமது 13-ஆம் வயதில், மோட்டார் விபத்தொன்றில் நெஞ்சுக்குக் கீழே செயலிழந்தார். பின்னர் ஐயங்கார் முறையிற் பயின்று, சக்கரக் கதிரையில் இருந்தபடியே யோக ஆசிரியரானார்.

ஆகவே, நாம் தொடங்கும் வகுப்பும் இவ்வாறே அமைதல் வேண்டும். நிற்க இயலாதவர் கதிரையில் அமர்ந்து கைகளை உயர்த்தலாம். தள்ளாடுபவர் சுவரிற் சாயலாம். வாருக்குப் பழஞ்சேலைத் துண்டும், மெத்தைக்கு மடித்த கம்பளியும் போதும். பார்வையற்றவருக்குச் சொல்லால் விளக்குக. செவிப்புலன் குன்றியவருக்கு எதிரே நின்று செய்து காட்டுக. இரத்த அழுத்தமோ இருதய நோயோ உள்ளவர்கள் முதலில் வைத்தியரிடம் கேட்டறிதல் அவசியம். நோவு கண்டால் நிறுத்துக. போட்டி வேண்டாம்.

மகாவலியை மறித்து, 1985-இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணையின் நீர்த்தேக்கத்தில் நம் பழைய தெல்தெனிய நகரம் மூழ்கியது. ஆயினும் ஊர் அழியவில்லை. மேட்டு நிலத்திற் புதிதாய் அமைந்து வாழ்கின்றது. யோகமும் அவ்வாறே ஆளுக்கேற்ப வடிவம் மாறி வாழ்வது.

வாலிபர்களே! முதல் நாள் வகுப்புக்கு நீங்கள் மட்டும் வராதீர்கள். அயல் வீட்டுப் பாட்டியையும் கைபிடித்து அழைத்து வாருங்கள். அவருக்கு ஒரு கதிரையையும் தூக்கி வாருங்கள். பெரியோர்களே! இனி வாசலில் நிற்க வேண்டாம். உள்ளே வந்து அமருங்கள்.