செக் ஜாவா கடலோரமும் தொண்டூழியரும்: ஒரு வரலாற்று நோக்கு

கழியையும் கானலையும் நெய்தல் எனத் தனித் திணையாக வகுத்துப் போற்றிய மரபு நம்முடையது. நாம் வாழும் சிங்கப்பூரிலோ, நில மீட்புப் பணிகளால் கரையோரங்கள் பெரிதும் உருமாறிவிட்டன. இயற்கை நிலையில் எஞ்சியிருப்பன மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று, புலாவ் உபின் தீவின் கிழக்கு முனையில் உள்ள செக் ஜாவா. அது காக்கப்பட்ட வரலாற்றில் தொண்டூழியர்க்குரிய பங்கினை இங்கு ஆராய்வோம்.

சுமார் 100 ஹெக்டேர் பரப்புடைய இவ்விடத்தில் மணற்கரை, பாறைக்கரை, கடற்புல் வெளி, பவளச் சிதைவுத் திட்டு, அலையாத்திக் காடு, கரையோரக் காடு ஆகிய ஆறு வாழிடங்கள் ஒருங்கே அமைந்துள்ளன. கடல் வற்றும் வேளையில் மட்டுமே இதன் வளம் கண்ணுக்குப் புலனாகும். அதனாலேயே நெடுங்காலம் பலரும் இதனை அறியாதிருந்தனர். 2000ஆம் ஆண்டு டிசம்பரில் தாவரவியலாளர் ஜோசப் லாய் இதன் சிறப்பை உணர்ந்து பிறர்க்கு அறிவித்தபோது, இப்பகுதியை மண்ணிட்டு நிரப்பும் திட்டம் ஏற்கெனவே வகுக்கப்பட்டிருந்தது.

2001இல் அக்காலத்து ராஃபிள்ஸ் பல்லுயிரியல் ஆய்வு அரும்பொருளகத்தைச் சார்ந்த தொண்டூழியர்கள் கடல் வற்றும் நேரங்களில் அங்குச் சென்றனர். அளவு நாடாவை நீட்டி, அதன் வழியே காணப்பட்ட உயிரினங்களைக் கணக்கெடுத்தனர், மாதிரிகளைச் சேகரித்தனர். அழியப்போகும் ஓரிடத்தைப் பற்றிய சான்றேனும் எஞ்சவேண்டும் என்பதே அவர்களது முதல் நோக்கம் என்பதை நாம் கருத்திற்கொள்ள வேண்டும். விடைகொடுப்பதற்காகத் திரட்டிய அப்பதிவே பின்னர்க் காப்பதற்கான வாதமாயிற்று. இயற்கை ஆர்வலர்களும் பொதுமக்களும் தங்கள் கருத்துகளை எழுத்துவடிவில் அரசுக்கு முன்வைத்தனர். நில மீட்பு ஒத்திவைக்கப்படும் என்னும் முடிவினைத் தேசிய வளர்ச்சி அமைச்சு 2002 ஜனவரியில் உறுதிசெய்தது.

காப்பு அத்துடன் முடிவுறவில்லை. காண வந்தோரின் காலடிகளே கடற்புல்லையும் சிற்றுயிர்களையும் நசுக்கும் நிலை எழுந்தது. ஆகவே பயிற்சிபெற்ற தொண்டூழியர் வழிகாட்ட, சிறு குழுக்களாகச் செல்லும் முறை பின்பற்றப்பட்டது. 2007 ஜூலையில் நடைபாலமும் காட்சிக் கோபுரமும் திறக்கப்பட்டன. அதே ஆண்டின் தொடக்கத்தில், பெருமழையால் ஜொகூர்ப் பக்கமிருந்து பெருகிய நன்னீர் கடலின் உப்புத்தன்மையைக் குறைக்க, கடற்சாமந்திகளும் கடற்பஞ்சுகளும் பெருந்தொகையில் மடிந்தன. அவ்விழப்பையும் அதன்பின் நிகழ்ந்த மீட்சியையும் மாணவர்களும் தொண்டூழியர்களும் பதிவுசெய்தனர். முன்னைய கணக்கெடுப்பு இருந்தமையால்தான் இழந்தது எவ்வளவு, மீண்டது எவ்வளவு என்று ஒப்புநோக்க இயன்றது. டீம் சீகிராஸ் என்னும் தொண்டூழியர் குழு கடற்புல் வெளிகளை அளந்துவரும் பணியும் இக்காலத்தில் தொடங்கியதே.

புலாவ் உபினில் பின்னர் மேற்கொள்ளப்பட்ட அலையாத்திக் காட்டு மீட்பு முயற்சியிலும் இவ்வணுகுமுறையே தென்படுகின்றது. கைவிடப்பட்ட இறால் குளங்களில் கன்றுகளை நட்டுவிட்டால் காடு உருவாகிவிடும் என அதில் ஈடுபட்டோர் கருதவில்லை. ஓதநீர் எவ்வாறு வந்து வடிகின்றது, தரை எந்த உயரத்தில் உள்ளது என்பவற்றை முதலில் ஆராயவேண்டும்; அவை சீரானால் நீரில் மிதந்துவரும் வித்துகள் தாமே வேரூன்றும் என்பது அவர்கள் கொண்ட கொள்கை.

2002ஆம் ஆண்டின் முடிவு, புலாவ் உபின் வளர்ச்சிப் பணிகளுக்குத் தேவைப்படாதவரை என்னும் வரம்பிற்கு உட்பட்டது. ஒத்திவைப்பு வேறு, நிலையான சட்டக் காப்பு வேறு. இவ்வேறுபாட்டை நாம் மறத்தலாகாது. இக்கரையின் மதிப்பை எடுத்துரைக்கவேண்டிய நாள் மீண்டும் வருமாயின், அன்று துணைநிற்பவை ஆண்டுதோறும் சேற்றில் நின்று சலிப்பின்றி எழுதப்பட்ட கணக்குகளே. அக்கணக்குகளைத் தொடர்ந்து எழுதவேண்டிய பொறுப்பு இளைய தலைமுறையினர்க்கும் உரியது எனலாம்.